ஸ்கிரிப்ட்ஸா, டூல்ஸா? லினக்ஸ் கெர்னல் தன் கருவிகளை அடுக்கிய விதம்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் மூல நிரலை இறக்கி விரித்தால், மேல்மட்டத்திலேயே இரண்டு கோப்புறைகள் கண்ணில் படும். ஒன்று ‘ஸ்கிரிப்ட்ஸ்’, இன்னொன்று ‘டூல்ஸ்’. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அங்கேயே பழம் தின்று கொட்டை போட்டவரிடம் கேட்டாலும் பதில் கொஞ்சம் தடுமாறித்தான் வரும். ஸ்கிரிப்ட்ஸுக்குள் சி மொழியில் எழுதிய முழு நிரல்கள் இருக்கின்றன. டூல்ஸுக்குள்ளே இன்னொரு ‘ஸ்கிரிப்ட்ஸ்’ இருக்கிறது.

3 கோடி வரிகளைத் தாண்டிய திட்டம் இது. ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு வெளியீடு. ஒவ்வொன்றிலும் 10,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள். இத்தனை பேர் கைவைக்கும் இடத்தில் பொதுக் கருவிகள் எப்படி நிற்கின்றன, எங்கே இடிக்கின்றன என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கருவியை எங்கே வைப்பது என்பதை அது எந்த மொழியில் எழுதப்பட்டது, என்ன வேலை செய்கிறது என்பதை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. அது உடைந்தால் யாருடைய வேலை நிற்கும், அது எந்த மெஷினில் ஓடும் என்ற இரண்டு கேள்விகள்தான் முக்கியம். கெர்னலில் சரியாக அமைந்தவை எல்லாம் இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் இருந்த இடங்கள். குழப்பங்கள் எல்லாம் பதில் இல்லாத இடங்களில் முளைத்தவை.

ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்

ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் இருப்பவை இரண்டு வகை. செக்பேட்ச் (2007ல் சேர்ந்தது) பேட்ச் எனப்படும் நிரல் மாற்றத்தின் எழுத்து நடையைச் சரிபார்க்கும். கெட்-மெயின்டெய்னர் (2009) பேட்சை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும். புளோட்-ஓ-மீட்டர் இரண்டு பில்டுகளை (மூல நிரலிலிருந்து கட்டி எடுத்த கெர்னல்களை) ஒப்பிட்டு எந்த ஃபங்ஷன் எத்தனை பைட் வீங்கியது என்று காட்டும். இவற்றை எல்லாம் இன்றைக்கே அழித்தாலும் கெர்னல் பில்ட் ஆகும். டெவலப்பர்கள் திட்டுவார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வகை, பில்ட் நடக்கும்போதே வேலை செய்யும் ஃபிக்ஸ்டெப், மாட்போஸ்ட், கால்சிம்ஸ், அப்புறம் ‘மேக்ஃபைல்.பில்ட்’. இவற்றில் ஒன்று போனால் வழக்கமான கெர்னல் பில்ட் முழுசாக முடியாது. இந்த இரண்டு வகையும் ஒரே கோப்புறையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. பட்டியலைப் பார்க்கிறவருக்கு எது தூண், எது அலங்காரம் என்று தெரிய வழியில்லை.

ஃபிக்ஸ்டெப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பில்ட் கருவி எழுதுகிற யாரும் ஒருமுறையாவது படிக்க வேண்டிய நிரல் அது. எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் கான்ஃபிக் தேர்வுகள் கெர்னலில் ஆயிரக்கணக்கில் உண்டு. நாம் தேர்ந்தெடுத்தவை எல்லாம் ‘ஆட்டோகான்ஃப்’ என்ற ஒரே ஹெடர் கோப்பில் எழுதப்பட்டு, கம்பைல் ஆகும் ஒவ்வொரு சி கோப்புக்குள்ளும் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்படுகின்றன. பில்டை நடத்தும் மேக் கருவியின் கணக்குப்படி, சார்ந்திருக்கும் கோப்பு மாறினால் சார்ந்தவை எல்லாம் மறுபடி கம்பைல் ஆக வேண்டும். அப்படியென்றால் ஏதோ ஒரு டிரைவரின் தேர்வை மாற்றினாலே மொத்தக் கெர்னலும் முதலிலிருந்து பில்ட் ஆகும்.

ஃபிக்ஸ்டெப் இங்கே ஒரு சின்ன தந்திரம் செய்கிறது. கம்பைலர் தரும் சார்புப் பட்டியலிலிருந்து ஆட்டோகான்ஃபை எடுத்துவிடுகிறது. கம்பைல் ஆகும் சி கோப்பும் அது சேர்க்கும் ஹெடர்களும் உண்மையில் எந்தெந்த கான்ஃபிக் பெயர்களைக் குறிப்பிடுகின்றன என்று தேடுகிறது. ஒவ்வொரு பெயருக்கும் ‘இன்க்ளூட்/கான்ஃபிக்’ கீழே ஒரு காலிக் கோப்பு இருக்கும். சார்புப் பட்டியலில் அந்தக் காலிக் கோப்பைச் சேர்த்துவிடுகிறது. தேர்வு மாறும்போது, தேர்வுகளைக் கையாளும் கேகான்ஃபிக் அதற்குரிய காலிக் கோப்பின் நேரத்தை மட்டும் புதுப்பிக்கும். விளைவாக, அந்தத் தேர்வைப் பயன்படுத்தும் கோப்புகள் மட்டுமே மறுபடி கம்பைல் ஆகும். கூடவே, போன முறை எந்தக் கட்டளையால் கம்பைல் ஆனது என்பதையும் ‘.சிஎம்டி’ கோப்பில் எழுதி வைக்கிறார்கள். கம்பைலர் ஃபிளாக் மாறினாலும் அந்த ஒப்பீட்டில் மாட்டிக்கொள்ளும்.

தினமும் ஆயிரம் தடவை ஓடும் இந்த நிரல் சி மொழியில் எழுதப்பட்டிருப்பது தற்செயல் இல்லை. இதையே ஒரு மெதுவான ஷெல் ஸ்கிரிப்டாக எழுதியிருந்தால் பில்ட் நேரம் எகிறியிருக்கும். ஃபிக்ஸ்டெப் ‘ஸ்கிரிப்ட்ஸ்/பேசிக்’ என்ற உள்கோப்புறையில் தனியாக இருப்பதற்கும் காரணம் உண்டு: மற்ற எல்லாக் கருவிகளையும் பில்ட் செய்வதற்கு முன்பே இது தயாராகிவிட வேண்டும். சார்பு வரிசையை அப்படியே கோப்புறை அமைப்பாக்கிய இடம் இது ஒன்றுதான் என்று சொல்லலாம். மிச்ச இடங்களிலும் இப்படியே செய்திருக்கலாம்.

ஒற்றை வரி ஒப்பந்தம்

கெர்னலின் பில்ட் அமைப்பில் எனக்கு மிகப் பிடித்தது எந்தக் கருவியும் இல்லை. டிரைவர் எழுதுகிறவரின் மேக்ஃபைல் (மேக் கருவிக்கான குறிப்புக் கோப்பு) தான். பெரும்பாலும் அதில் ‘ஆப்ஜ்-கான்ஃபிக் பெயர் கூட்டல் சமம் கோப்பின் பெயர்’ என்ற வடிவில் சில வரிகள் மட்டுமே இருக்கும். எப்படி கம்பைல் செய்வது, எந்த ஃபிளாக், தேவைப்படும்போது ஏற்றும் மாட்யூலா, கெர்னலுக்கு உள்ளேயே சேர்ப்பதா என்ற எந்த விதியும் அங்கே கிடையாது. விதிகள் எல்லாம் ஸ்கிரிப்ட்ஸுக்குள் இருக்கும் மேக்ஃபைல்.பில்ட்டில். டிரைவரின் மேக்ஃபைல் வெறும் தகவல் தருகிறது, அவ்வளவே.

இதன் பலன் பெரியது. பில்ட் விதியை மாற்ற நினைக்கும் பராமரிப்பாளர் ஆயிரக்கணக்கான மேக்ஃபைல்களைத் தொட வேண்டியதில்லை. பல நிறுவனத் திட்டங்களில் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஒவ்வொரு குழுவும் பக்கத்துக் குழுவின் பில்ட் ஸ்கிரிப்டைக் காப்பியடித்து இரண்டு வரி மாற்றிக்கொள்ளும். இரண்டு வருடத்தில் நாற்பது விதமான ஸ்கிரிப்ட், எதிலும் யாரும் கைவைக்கத் துணிய மாட்டார்கள்.

ஆனால் இந்த நிலைக்கு வந்தது சுமுகமான பயணம் இல்லை. 2000லிருந்து 2002 வரை இரண்டு பெரிய மறுசீரமைப்பு முயற்சிகள் நடந்தன. எரிக் ரேமண்ட், கான்ஃபிக் அமைப்பு முழுவதையும் சிஎம்எல்-2 என்ற பெயரில் பைத்தானில் புதிதாக எழுதினார். கீத் ஓவன்ஸ், பில்ட் அமைப்பை கேபில்ட்-2.5 என்ற பெயரில் அடியோடு மாற்றி எழுதினார். இரண்டிலும் நல்ல யோசனைகள் இருந்தன. இரண்டுமே சேர்க்கப்படவில்லை.

சிஎம்எல்-2 விஷயத்தில், கெர்னல் பில்ட் செய்ய பைத்தான் வேண்டும் என்பதே பலருக்கு உறுத்தியது. இரண்டுக்கும் பொதுவான சிக்கல், பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை ஒரே மூச்சில் வைக்கச் சொன்னது. கடைசியில் ரோமன் ஜிப்பல் சி மொழியில் எழுதிய கேகான்ஃபிக் 2002 அக்டோபரில் 2.5.45 பதிப்பில் சேர்ந்தது. பில்ட் பக்கம் காய் கெர்மஷெவ்ஸ்கி இருந்த அமைப்பையே சின்னச் சின்ன பேட்ச்களாக மாற்றிக்கொண்டு போனார். அந்தப் பாதையில்தான் இன்றைய பில்ட் அமைப்பான கேபில்ட் வந்தது. கீத் ஓவன்ஸின் வடிவமைப்பு தொழில்நுட்ப ரீதியாகச் சுத்தமானது என்று இன்றும் வாதிடுபவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்தில், எல்லோரையும் ஒரே நாளில் மாறச் சொல்லும் கருவிக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

‘பிசி: நாட் ஃபவுண்ட்’

புது மெஷினில் முதன்முறையாகக் கெர்னல் பில்ட் செய்கிறவர்களில் பலர் இந்தப் பிழையைப் பார்த்திருப்பார்கள். டைம்கான்ஸ்ட் என்ற ஹெடரை உருவாக்கும் இடத்தில் ‘பிசி’ என்ற கட்டளை இல்லை என்று ஷெல் சொல்லும், எர்ரர் 127 என்று மேக் நின்றுவிடும். பிசி என்பது பழைய யூனிக்ஸ் கால்குலேட்டர். கெர்னலுக்கு எதற்குக் கால்குலேட்டர்?

கெர்னலின் டைமர் ஒரு நொடிக்கு 100, 250, 1000 என்று ஏதோ ஒரு வேகத்தில் துடிக்கும். அது கான்ஃபிக் தேர்வு. துடிப்புகளை மில்லி நொடியாகவும் மைக்ரோ நொடியாகவும் மாற்ற வகுத்தல் தேவை. வகுத்தல் செலவான வேலை என்பதால், பெருக்கிப் பின் நகர்த்தும் மாறிலிகளை பில்ட் நேரத்திலேயே கணக்கிட்டு வைக்கிறார்கள். 2008ல் இந்தக் கணக்கு பெர்ல் மொழி ஸ்கிரிப்டாக வந்தது. பெரிய எண்களைக் கையாள பெர்லில் வசதி உண்டு, எழுதுவதும் சுலபம். ஆனால் அதுவரை சாதாரண பில்டுக்கு பெர்ல் கட்டாயமில்லாமல் இருந்தது. சிறிய எம்பெடட் சூழல்களில் வேலை செய்த ராப் லேண்ட்லி இதை விடாமல் எதிர்த்தார். பில்ட் சூழலைத் தானே அடியிலிருந்து கட்டுகிறவருக்கு பெர்லைச் சேர்ப்பது சாதாரண வேலை இல்லை. 2013ல் 3.9 பதிப்பில் அந்த ஸ்கிரிப்ட் பிசி மொழிக்கு மாறியது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தில் பிசி உள்ளது, அதனால் எங்கும் இருக்கும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. நடைமுறையில் குறைந்தபட்ச நிறுவல்கள் பலவற்றில் பெர்ல் இருக்கிறது, பிசி இல்லை! பெர்லும் முழுக்க ஒழிந்துவிடவில்லை. சில ப்ராசசர்களுக்கான கிரிப்டோ நிரல்களை இன்றும் பெர்ல்தான் உருவாக்குகிறது.

யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல இதைக் கொண்டுவரவில்லை. ஒரு வசதிக்காக எழுதிய சின்ன ஸ்கிரிப்ட், பில்ட் பாதையில் நுழைந்த கணத்தில் உலகம் முழுக்க எல்லோருக்கும் ஒரு நிபந்தனையாகிவிடுகிறது. செக்பேட்ச் பெர்லில் இருப்பது பற்றி யாரும் இப்படிச் சண்டை போட்டதில்லை. அது பில்ட் பாதையில் இல்லை என்பதே காரணம்.

கான்ஃபிக் கோப்புகளை வாசித்துப் புரிந்துகொள்ளும் பார்சர் விஷயத்தில் கெர்னல் எதிர்த்திசையில் போனது. கேகான்ஃபிக்கின் பார்சரை ஃப்ளெக்ஸ், பைசன் என்ற இரண்டு கருவிகள் உருவாக்குகின்றன. அந்த இரண்டையும் எல்லோரிடமும் கேட்கக் கூடாது என்று, உருவாக்கிய சி கோப்புகளையே ‘ஷிப்டு’ என்ற பின்னொட்டோடு மரத்தில் (கெர்னலின் மொத்த மூலக் கோப்புறைத் தொகுப்பில்) சேர்த்து வைத்திருந்தார்கள். இலக்கணத்தில் ஒரு வரி மாற்றினால் கூடவே உருவாக்கிய கோப்பின் பெரிய மாற்றமும் பேட்சில் வரும். அதை யார் வாசிப்பார்கள்? 2018ல் 4.16 பதிப்போடு அந்த ஏற்பாடு முடிந்தது. இரண்டு கருவிகளும் பில்டுக்குத் தேவை என்று ஆவணத்தில் எழுதிவிட்டார்கள். குறைந்தபட்சப் பதிப்பு எண்களோடு இந்தத் தேவைகளை எல்லாம் ஒரே பக்கத்தில் பட்டியலிடும் ஆவணம் கெர்னலில் பல ஆண்டுகளாக இருக்கிறது. வெளியே பெரிதாகப் பேசப்படாத ஆவணம், ஆனால் எந்தக் கருவியைப் பயன்படுத்தலாம் என்ற வாதங்களை அதுதான் முடித்துவைக்கிறது.

டூல்ஸ் வந்த வழி

நிரல்களின் வேகத்தை அளக்கும் பெர்ஃப் கருவி முதலில் எங்கே இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்: ஆவணங்களுக்கான கோப்புறையில். கெர்னல் மரத்துக்குள் பயனர் தளத்தில் ஓடும் நிரலுக்கு இடமே இல்லாததால், மாதிரி நிரல்கள் எல்லாம் ஆவணங்களோடு கிடந்தன. 2009ல், 2.6.31 பதிப்புக்கான வேலையில், பெர்ஃபுக்காக டூல்ஸ் என்ற கோப்புறை பிறந்தது. எஸ்பிஐ சோதனை நிரல் போன்ற மற்ற சில பின்னால் ஒவ்வொன்றாக ஆவணப் பக்கத்திலிருந்து அங்கே குடிமாறின.

அப்போது எல்லை தெளிவாக இருந்தது. ஸ்கிரிப்ட்ஸில் இருப்பவை பில்ட் செய்யும் மெஷினில் ஓடும். டூல்ஸில் இருப்பவை கெர்னல் போய் உட்காரும் மெஷினில் ஓடும். டூல்ஸ் தனக்கென்று வேறொரு பில்ட் அமைப்பை வைத்துக்கொண்டது. கேபில்டைப் பார்த்து எழுதியதுதான், ஆனால் தனி. ஃபிக்ஸ்டெப்பின் இன்னொரு பிரதிகூட ‘டூல்ஸ்/பில்ட்’டில் இருக்கிறது. ஒரே மரத்தில் இரண்டு ஃபிக்ஸ்டெப்!

2016ல் 4.6 பதிப்பில் ஜாஷ் பாய்ம்போஃபின் ஆப்ஜ்டூல் வந்தது. கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் கோப்பைத் திறந்து, ஸ்டாக் (ஃபங்ஷன்கள் தற்காலிகத் தகவலை வைக்கும் நினைவகப் பகுதி) சரியாகக் கையாளப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் கருவி. பெர்ஃபிலிருந்து பிரித்தெடுத்த ஒரு துணை நூலகத்தை அது பயன்படுத்தியது. அதனால் டூல்ஸில் போய் உட்கார்ந்தது. அடுத்த ஆண்டு 4.14ல் ஓஆர்சி என்ற ஸ்டாக் தகவல் முறை வந்தபோது அதை உருவாக்கும் வேலையும் ஆப்ஜ்டூலிடம் போனது. இப்போது எக்ஸ்86-64 ப்ராசசருக்கான கெர்னல் ஆப்ஜ்டூல் இல்லாமல் பில்ட் ஆவது அரிது. ஆப்ஜ்டூலுக்குத் தேவையான லிப்எல்ஃப் நூலகத்தின் டெவலப்மென்ட் பேக்கேஜ் இல்லாதவர்கள் ‘ஓஆர்சி தகவலை உருவாக்க முடியவில்லை, லிப்எல்ஃப் நிறுவவும்’ என்ற பிழையைச் சந்தித்தார்கள்.

எல்லை உடைந்தது அங்கேதான். டூல்ஸ் பில்ட் அமைப்பில் கம்பைலர் என்றால் இலக்கு மெஷினுக்கான கம்பைலர். ஆனால் ஆப்ஜ்டூல் ஓட வேண்டியது பில்ட் மெஷினில். ஆகவே அதன் மேக்ஃபைலில் கம்பைலர், லிங்கர் எல்லாவற்றையும் ஹோஸ்ட் மெஷினுக்கானதாக, அதாவது பில்ட் மெஷினுக்கானதாக மாற்றி எழுதும் வரி ஒன்று இருக்கிறது. பகிர்ந்த நூலகம் எங்கே இருக்கிறது என்பதை வைத்து இடம் பிடித்தார்கள், எந்த மெஷினில் ஓடும் என்பதை வைத்து அல்ல. அதற்கான விலைதான் அந்த வரி. பின்னால், கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் வசதியான பிபிஎஃபுக்காக வந்த ரிசால்வ்-பிடிஎஃப்-ஐடிஸ் கருவியும் அதே வழியில் டூல்ஸிலிருந்து பில்ட் பாதைக்குள் வந்தது.

டூல்ஸ் எடுத்த ஒரு முடிவு முதலில் எனக்கும் விசித்திரமாகப் பட்டது. பெர்ஃப் ஆரம்பத்தில் கெர்னலின் ஹெடர்களை நேரடியாகச் சேர்த்துக்கொண்டது. ஒரே மரம்தானே, ஏன் பிரதி எடுக்க வேண்டும்? ஆனால் கெர்னலில் ஒரு ஹெடரை மாற்றுகிறவர் பெர்ஃபை பில்ட் செய்து பார்ப்பதில்லை. மாற்றியவருக்குத் தெரியாமலே பெர்ஃப் உடைந்துகொண்டிருந்தது. 2016 வாக்கில் ஆர்னல்டோ கர்வால்யோ டி மெலோ தேவையான ஹெடர்களை எல்லாம் டூல்ஸுக்குள் பிரதி எடுத்து வைத்தார். மூலம் மாறினால் பில்ட் உடையாது. பிரதியும் மூலமும் வேறுபடுகின்றன என்று ஒரு எச்சரிக்கை மட்டும் வரும். பெர்ஃப் பராமரிப்பவர்கள் வேறுபாட்டைப் பார்த்து, புது வசதி ஏதாவது வந்திருக்கிறதா என்று ஆராய்ந்து, நேரம் கிடைக்கும்போது பிரதியைப் புதுப்பிப்பார்கள்.

ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது என்று பாடமாகப் படித்தவர்களுக்கு இது குற்றம் போலத் தெரியும். எனக்கு இது சரியான முடிவு. உடைந்தால் யார் சரிசெய்ய வேண்டும் என்பதை அந்தப் பிரதி தெளிவாக்கிவிட்டது. ஹெடரை மாற்றியவர் பெர்ஃபைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெர்ஃப்காரர்களுக்கு நள்ளிரவில் பில்ட் உடையாது. எச்சரிக்கை தரும் அந்தச் சின்ன ஒப்பீட்டு ஸ்கிரிப்ட் மட்டும் இல்லையென்றால் பிரதிகள் கேட்பாரற்றுப் பழசாகியிருக்கும்.

வெளியிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கும் கைகள்

கோப்புறையை மாற்றி அடுக்குவதில் இன்னொரு தடை உண்டு. ‘மேக் கிளீன்’ கட்டளை கொடுத்தாலும் கெர்னல் எல்லாவற்றையும் துடைப்பதில்லை. கெர்னலுக்கு வெளியே இருக்கும் மாட்யூல்களைக் கம்பைல் செய்யத் தேவையானவற்றை விட்டுவைக்கும். அதாவது ஃபிக்ஸ்டெப், மாட்போஸ்ட், ஆப்ஜ்டூல் போன்றவை கெர்னலின் உள்விவகாரம் மட்டுமல்ல. கிராஃபிக்ஸ் டிரைவரைத் தனியாக நிறுவும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். லினக்ஸைத் தொகுத்துத் தரும் டிஸ்ட்ரிபியூஷன்களின் ஹெடர் பேக்கேஜில் ஹெடர்களோடு இந்த நிரல்களும் வருவது அதனால்தான். டெபியன் என்ற டிஸ்ட்ரிபியூஷன் இவற்றை ‘லினக்ஸ்-கேபில்ட்’ என்று தனி பேக்கேஜாகவே பிரித்து வைத்திருக்கிறது.

இதில் ஒரு பிரபலமான பொறி. எக்ஸ்86 மெஷினில் ஆர்ம் போர்டுக்காகக் கெர்னலை கிராஸ் கம்பைல் செய்து, ஹெடர் பேக்கேஜையும் அங்கேயே உருவாக்குகிறோம். போர்டில் நிறுவி ஒரு மாட்யூலைக் கம்பைல் செய்யப் போனால், ‘ஸ்கிரிப்ட்ஸ்/பேசிக்/ஃபிக்ஸ்டெப்: எக்ஸெக் ஃபார்மட் எர்ரர்’. ஆர்ம் போர்டுக்குள் எக்ஸ்86 ஃபிக்ஸ்டெப் போய்ச் சேர்ந்துவிட்டது. பில்ட் நடந்த மெஷினுக்கு அது சரியான நிரல்தான். போர்டில் அதற்கு வேலை இல்லை. போர்டிலேயே அந்த நிரல்களை மறுபடி பில்ட் செய்வது வழக்கமான வைத்தியம். ஹோஸ்ட் கருவிகள் மட்டும் தனி இடத்தில், ஸ்கிரிப்டுகள் வேறு இடத்தில் என்று இருந்திருந்தால், பேக்கேஜ் செய்கிறவருக்கு எதை மறுபடி கட்ட வேண்டும் என்று கோப்புறையைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

காப்பியடித்தவர்களின் கதையும் உண்டு. கேமு, யூ-பூட், கோர்பூட் போன்ற வேறு திட்டங்கள் செக்பேட்சைத் தங்கள் மரத்துக்குள் பிரதி எடுத்துத் தங்கள் விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டன. 2020ல் வரி நீள எச்சரிக்கையை 80லிருந்து 100 எழுத்துக்குக் கெர்னல் தளர்த்தியபோது அந்தப் பிரதிகள் தாமாக மாறவில்லை. கெர்னல் இதற்குப் பொறுப்பில்லை, யாருக்கும் நூலகமாகத் தருவதாக அது வாக்குக் கொடுக்கவில்லை. மறுபக்கம், வன்பொருள் விவரப் பட்டியலான டிவைஸ் ட்ரீயின் கம்பைலர் டிடிசியைக் கெர்னல் வெளியிலிருந்து கொண்டுவந்து ஸ்கிரிப்ட்ஸுக்குள் வைத்திருக்கிறது. ஆனால் அதைக் கையால் திருத்துவதில்லை. மூலத் திட்டத்திலிருந்து புதுப்பிக்கத் தனி ஸ்கிரிப்ட் பக்கத்திலேயே இருக்கிறது. காப்பி வைத்திருப்பதில் இந்த ஒழுங்கு இருந்தால் போதும்.

2025: ஆவணக் கருவிகள் இடம் மாறுகின்றன

கெர்னல்-டாக் என்பது சி நிரலின் கருத்துரைகளிலிருந்து ஆவணம் எடுக்கும் கருவி. பல்லாண்டுக் காலப் பெர்ல் நிரல்; உள்ளே கை வைக்க யாருக்கும் ஆசை வராது. 2025ல் மவ்ரோ கர்வால்யோ செஹாப் அதைப் பைத்தானில் மாற்றி எழுதினார். ஒற்றைக் கோப்பாக இருந்தது இப்போது பல மாட்யூல்கள். அவை முதலில் ஸ்கிரிப்ட்ஸுக்குள்ளேயே ஒரு ‘லிப்’ கோப்புறையில் வந்தன. சிஎம்எல்-2வை பைத்தான் என்பதால் முகம் சுளித்த அதே திட்டத்தில், இருபது சொச்சம் ஆண்டு கழித்து, மொழி பற்றிப் பெரிய கலவரம் இல்லை.

இடித்தது வேறொரு இடத்தில். பைத்தான் மாட்யூல்களை இறக்கும்போது தன் கேஷ் கோப்புகளை மூலத்துக்குப் பக்கத்திலேயே எழுதும். கெர்னல் மரத்தைத் தொடாமல் வேறு கோப்புறையில் பில்ட் செய்கிறவர்களுக்கு மூல மரம் அழுக்காவது பெரிய குற்றம். அப்படி எழுதாமல் தடுக்கும் சூழல் மாறியை பில்ட் பாதையில் சேர்க்க வேண்டியிருந்தது. எச்சரிக்கைகளைக் கூட்டி பில்ட் செய்யும்போது கெர்னல்-டாக் தானாகவே ஓடும். ஆவணக் கருவி என்று பெயர் இருந்தாலும் அதற்கு ஒரு கால் பில்ட் பாதையில் இருக்கிறது என்பது இதில்தான் பலருக்கு உறைத்தது.

ஆவணப் பராமரிப்பாளர் ஜோனதன் கார்பெட் ஸ்கிரிப்ட்ஸில் சிதறிக் கிடந்த ஆவணக் கருவிகளை ‘டூல்ஸ்/டாக்ஸ்’ என்ற இடத்தில் சேர்க்கத் தொடங்கினார். பொதுவான பைத்தான் மாட்யூல்களுக்கு ‘டூல்ஸ்/லிப்/பைத்தான்’ என்று தனி இடம். எல்லாம் ஒரே பேட்சில் போகவில்லை, ஒவ்வொரு கருவியாக. பராமரிப்பாளர் பட்டியலில் அந்தக் கோப்புறையை ஒரே வரியில் குறிப்பிடலாம், கெட்-மெயின்டெய்னர் சரியான ஆட்களைக் காட்டிவிடும். இதுவரை ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் தனித்தனி வரி எழுத வேண்டியிருந்தது, பலவற்றுக்கு வரியே இல்லை. என் பார்வையில் இந்த மாற்றத்தின் முக்கிய லாபம் அழகு இல்லை. ஸ்கிரிப்டுக்கு ஆள் கிடைத்தது.

ஸ்கிரிப்ட்ஸில் மிச்சம் இருப்பவற்றில் செக்பேட்சைத்தான் அடுத்து நகர்த்த வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன். பில்டோடு அதற்குச் சம்பந்தம் இல்லை, என் கணக்குப்படி அது அங்கே இருக்கக் கூடாததுதான். ஆனால் அந்தப் பாதை எத்தனையோ பேரின் கிட் ஹுக்குகளில் (மாற்றம் சேரும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளில்), நிறுவனங்களின் சோதனை சர்வர்களில், பயிற்சிக் குறிப்புகளில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோர் கெர்னலின் அஞ்சல் பட்டியலை வாசிக்கிறவர்கள் இல்லை. நகர்த்தியே தீர வேண்டும் என்றால் பழைய இடத்தில், புது இடத்தைக் காட்டும் ஒரு சிம்லிங்கை விட்டுவிட்டு, அதை எப்போது எடுப்பது என்ற பேச்சையே எடுக்காமல் இருப்பது நல்லது.